நகலில் மட்டும் மூன்று வரி

இது நடந்தது. ஊர்ப் பெயரை மாற்றவில்லை, நேரத்தையும் மாற்றவில்லை. கீழே வரும் நேரங்களை நினைவிலிருந்து எழுதவில்லை. என் மேஜை டிராயரில் இருக்கும் ஒரு தாளைப் பார்த்து எழுதுகிறேன். நம்பாதவர்கள் செஞ்சிக்கு வாருங்கள், காட்டுகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பயம் ஒரு மாதத்தில் தணிந்துவிட்டது. கோபம்தான் தணியவில்லை. செத்தவன்மேல் கோபப்படக்கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கு கோமதேஷைத் தெரியாது.

என் பெயர் சேரன். செஞ்சியில், திருவண்ணாமலை ரோட்டில், ஒரு தனியார் ஆம்புலன்ஸ் சேவையின் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டாவது மாடி. சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் பதினோரு வண்டிகள். யாராவது ஃபோன் செய்தால் எங்கள் பெண்கள் விவரத்தைப் பதிவார்கள். எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறதோ அதற்கு கம்ப்யூட்டரே உத்தரவு அனுப்பும். வண்டியில் இருக்கும் கருவியில் பெயரும் இடமும் தெரியும். டிரைவர் கிளம்பிவிடுவார்.

இந்த வேலையைச் செய்ய இரண்டு சர்வர்கள். ஒன்று செஞ்சியில் என்னிடம். இன்னொன்று திண்டிவனத்தில் கோமதேஷிடம். எங்கள் கோட்டையில் ராஜா கோட்டை, ராணிக் கோட்டை என்று இரண்டு மலை இருக்கிறதல்லவா, அதைப் பார்த்து அவன்தான் பெயர் வைத்தான். என்னுடையது ராஜா, அவனுடையது ராணி. ராணியில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் அடுத்த நொடியே ராஜாவில் நகலாகும். ஒன்று செத்தால் இன்னொன்று வேலையைத் தொடர வேண்டும். அதற்காகத்தான் இரண்டு.

டிஸ்க், டேட்டாபேஸ், முகவரி, அழைப்புப் பதியும் புரோகிராம். இந்த நாலையும் சேர்த்து நாங்கள் குரூப் என்போம். நாலும் ஒரே குடும்பம். வீடு மாறினால் நாலும் சேர்ந்துதான் மாற வேண்டும், அதுவும் வரிசையாக. அன்றைக்குக் குரூப் ராணியிடம் இருந்தது.

ஒவ்வொரு நொடியும் ராஜா ராணியைக் கேட்கும், “இருக்கியா?” என்று. ராணி “இருக்கேன்” என்று சொல்லும். நிஜத்தில் அது வெறும் சிக்னல்தான். எங்கள் இரண்டு பேர் பாஷையில் அப்படி. தொடர்ந்து ஐந்து முறை பதில் வராவிட்டால் ராணி செத்துவிட்டது என்று முடிவுசெய்து, ராஜா குரூப்பைத் தானே எடுத்துக்கொள்ளும். பதில் வந்துகொண்டிருக்கும்போதே வலுக்கட்டாயமாகப் பிடுங்கவும் ஒரு கட்டளை உண்டு. அதைத் தொடுவதில்லை என்று எங்களுக்குள் ஒரு சத்தியம்.

சத்தியத்துக்குக் காரணம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் நான் அவசரப்பட்டு அந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டேன். ராணியும் விடவில்லை, ராஜாவும் எடுத்துக்கொண்டது. இரண்டும் தனித்தனியாக வேலை பார்த்து ஒரே வண்டியை இரண்டு ஊருக்கு அனுப்பின. அவலூர்பேட்டையில் ஒரு மளிகைக் கடைக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்தார். பிழைத்தது அவர் புண்ணியம். அன்றைக்கு கோமதேஷ் செஞ்சிக்கே வந்து, என் கையைப் பிடித்து ராஜாவின் மேல் வைத்தான்.

“இனிமே நான் ‘விட்டுட்டேன்’னு என் வாயால சொன்னாத்தான் நீ எடுக்கணும். நீ சொன்னாத்தான் நான் எடுப்பேன். சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு நேரடி ஃபோன் போட்டுக்கொண்டோம். ரிசீவரை எடுத்தாலே அந்தப் பக்கம் மணி அடிக்கும்.

கோமதேஷ் மேல்சித்தாமூர்க்காரன், ஜைனக் குடும்பம். பாலிடெக்னிக்கில் என் பக்கத்து பெஞ்ச். விளக்கு வைத்த பிறகு சாப்பிடமாட்டான். தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். ஹாஸ்டலில் நாங்கள் ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டா பிரிக்கும்போது, எதிரில் உட்கார்ந்து வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பான். பதினாறு வருடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் அவன் இருட்டிய பிறகு குடித்து நான் பார்த்ததில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கச்சி அமலாவை தொண்டூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் வளைகாப்புக்கு கோமதேஷ் இரண்டு டஜன் வளையலோடு வந்தான். “நானும் மாமன்தான், எனக்கும் முறை இருக்குது” என்று அவள் கையில் அவனே அடுக்கிவிட்டான். எங்கள் அம்மா கண்கலங்கிவிட்டார்கள். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போன கார்த்திகை. புயல் கரையைக் கடந்த ஞாயிற்றுக்கிழமை.

காலையிலிருந்து விடாத மழை. சாயந்திரம் 5.20க்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடியது. அழைப்பு எடுக்க இரண்டு பெண்கள் வர வேண்டும். மழையில் மகாலட்சுமி மட்டும்தான் வந்திருந்தாள். முதல் சீட்டில் அவள். இரண்டாவது சீட் காலி. அதை ஒட்டி என் மேஜை.

5.31க்கு நேரடி ஃபோன் அடித்தது.

“சேரா, இங்க தரையில தண்ணி ஏறுதுடா. ஏரி ஒடைஞ்சிருக்கும் போல.” அவன் அறை தரைத்தளம். “பேட்டரிய மேல தூக்கி வெக்கப் போறேன்.”

“தனியாவா? வாட்ச்மேன் இல்ல?”

“எல்லாம் ஓடிட்டாங்க. நான் பாத்துக்கறேன். முடியலைன்னா விட்டுட்டேன்னு சொல்றேன், நீ எடுத்துக்கோ.”

“சாப்டியா?”

“இப்பதான் முடிச்சேன். இனிமே காலையிலதான்.” சிரித்தான்.

5.34க்கு வைத்தான். அந்தச் சிரிப்புதான் கடைசி.

5.48. என் திரையில் ராணியின் பச்சை விளக்கு மஞ்சளானது. பதில் வரவில்லை. ஒன்று. இரண்டு. மூன்று. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான்கு. இன்னும் ஒன்று தவறினால் குரூப் இங்கே வந்துவிடும்.

பச்சை.

“இருக்கேன்.”

பெருமூச்சு விட்டேன். பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். பதில் வந்து சேர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று பக்கத்தில் ஓர் எண் ஓடும். எப்போதும் ஒன்பது, பத்து, பதினொன்று என்று மாறிக்கொண்டே இருக்கும். திண்டிவனம் இருபத்தெட்டு கிலோமீட்டர், அவ்வளவு ஆகத்தான் செய்யும். இப்போது அந்த இடத்தில் பூஜ்யம். மாறாத பூஜ்யம். இதே அறைக்குள் இருக்கும் மெஷின்கூட அவ்வளவு வேகமாகப் பதில் சொல்லாது. மழையில் ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டேன்.

6.10க்கு மகாலட்சுமி திரும்பினாள்.

“அண்ணா, நாலு கால் வந்திச்சு. ஒண்ணுகூட பதிய மாட்டேங்குது. சுத்திக்கினே இருக்குது.”

ரிசீவரை எடுத்தேன். மணி அடிக்கும் சத்தமே கேட்கவில்லை. காதில் வைக்கும்போதே குரல்.

“இருக்கேன்.”

“டேய், இங்க ஸ்க்ரீன் நிக்குதுடா. அங்க இன்னா ஆச்சு?”

“இருக்கேன்.”

“முடியலைன்னா விடு. நான் எடுத்துக்கறேன்.”

பதிலுக்கு வந்தது ஒரு சத்தம் மட்டும்.

மடக்... மடக்... மடக்...

தண்ணீர் குடிக்கிற சத்தம். சொம்பை வாயில் கவிழ்த்துக்கொண்டு, மூச்சுவிடாமல் குடிப்பது போல. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 6.14. வெளியே கும்மிருட்டு. எனக்குச் சிரிப்புதான் வந்தது.

“இன்னாடா, தண்ணியா குடிக்கிற? உங்க அம்மாகிட்ட சொல்லட்டா?”

அவன் சிரிக்கவில்லை. குடித்துக்கொண்டே இருந்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்.

“நிக்க மாட்டேங்குதுடா.”

மழையைச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

6.22. மகாலட்சுமியின் முகம் மாறியது. ஹெட்ஃபோனைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். “அண்ணா... தொண்டூர்லேர்ந்து. உங்க தங்கச்சி வீட்டுக்காரரு.”

அமலாவுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. ஆனால் பனிக்குடம் உடைந்துவிட்டதாம். வலி எடுத்துவிட்டது. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், கார் ஆட்டோ எதுவும் வரமாட்டேன் என்கிறது. பின்னால் அவள் கத்துவது கேட்டது. “அண்ணா, வண்டி அனுப்புண்ணா...”

“பத்து நிமிஷத்துல வண்டி கெளம்பும்மா. அண்ணன் இருக்கேன்” என்றேன்.

மற்ற வண்டிகள் எல்லாம் வெள்ளத்தில் அங்கங்கே சிக்கியிருந்தன. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. ஏழாம் நம்பர், தீவனூரில் நிற்கிறது. டிரைவர் பொன்னுசாமி. உயரமான வண்டி, இடுப்பளவு தண்ணீரிலும் போகும். பொன்னுசாமியின் செல்லுக்கு அடித்தேன். டவர் இல்லை. மறுபடி அடித்தேன். இல்லை. வண்டியில் இருக்கும் கருவிக்குத்தான் இரண்டு கம்பெனி சிம், அதற்கு மட்டும் உத்தரவு போய்ச் சேரும். அதற்குக் குரூப் வேலை செய்ய வேண்டும்.

6.25க்கு மகாலட்சுமி பதிந்தாள். அமலா, வயது 26, தொண்டூர், பிரசவ வலி. இது மட்டும் பதிந்தது, ஆனால் வண்டி ஒதுக்காமல் திரை சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

6.30.

“அண்ணா, ரெண்டாவது சிஸ்டத்த நீங்களா ஆன் பண்ணீங்க?”

காலி சீட்டின் திரை எரிந்துகொண்டிருந்தது.

“ஜெனரேட்டர் ஏத்த எறக்கத்துல தானா வந்திருக்கும். அத விடு, இத பாரு.”

டக்... டக்... டக்டக்... ஜன்னலில் மழை என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

6.33. மகாலட்சுமியின் திரையில் கீழ்ப்பட்டை மட்டும் ஒருமுறை அசைந்தது. “வண்டி 7: புறப்பட்டது.”

நான் கைதட்டிவிட்டேன். மகாலட்சுமி தட்டவில்லை.

“இது நம்ம கால் இல்லண்ணா. நம்மளுது இன்னும் காத்திருப்புலதான் இருக்குது. வேற யாருக்கோ போவுது.”

“யாருக்கு?”

“தொறக்க மாட்டேங்குது.”

ரிசீவரைப் பிடுங்கினேன்.

“கோமதேஷ், ஏழாம் நம்பர யாருக்குடா அனுப்பின? அமலாவுக்கு வலி வந்துடுச்சு. அந்த வண்டி அவளுக்கு வேணும்.”

“அவசரம்.”

“யாருக்கு அவசரம்? இன்னா கேஸ்?”

“மூச்சு முட்டுது.”

“வயசு?”

“முப்பத்தி நாலு.”

“நெலம?”

“தண்ணி உள்ள போயிருக்குது. கண்ணு தெரியல.”

வெள்ளத்தில் மூழ்கிய யாரோ ஒருவர் என்று நினைத்தேன். நம் பேச்சில் ‘எனக்கு’, ‘அவனுக்கு’ என்று சொல்லாமலே ‘மூச்சு முட்டுது’ என்று சொல்லிவிடலாம் அல்லவா. அவன் யாருக்கு என்று சொல்லவில்லை. நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

“சரிடா. திண்டிவனத்துல வேற வண்டி கெடைக்கும், நான் பேசறேன். இத திருப்பு. அமலாடா. நம்ம அமலா.”

மடக்... மடக்...

“இல்லன்னா குரூப்ப விடு. நான் எடுத்து திருப்பிக்கறேன். விட்டுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு.”

ரொம்பப் பக்கத்தில் குரல் வந்தது.

“விட்டா போயிடும்டா.”

டேட்டா போய்விடும் என்கிறான் என்று புரிந்துகொண்டேன். பாதி எழுதிய நிலையில் பிடுங்கினால் போய்விடும்தான். ஒன்பது வருடம் இந்த வேலையில் அவன் சொல்லி எதுவும் தப்பானதில்லை.

பிடுங்கும் கட்டளையை டைப் செய்தேன். எண்டர் தட்ட வேண்டும், அவ்வளவுதான். விரல் அதன் மேலேயே இருந்தது. பச்சை விளக்கு ஒவ்வொரு நொடியும் சொல்லிக்கொண்டிருந்தது, இருக்கேன், இருக்கேன், இருக்கேன் என்று. அவலூர்பேட்டைக்காரர் ஞாபகம் வந்தது. சத்தியம் ஞாபகம் வந்தது. இரண்டும் தனித்தனியாக ஓட ஆரம்பித்தால் வண்டி அமலாவுக்கும் போகாது, அந்த ஆளுக்கும் போகாது.

நான் தட்டவில்லை. அவனை நம்பினேன்.

6.50க்குத் தொண்டூரிலிருந்து மறுபடி ஃபோன். 7.02க்கு மறுபடி. “இதோ, இதோ” என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாமா என்று எழுந்தேன். போய் என்ன செய்ய? அவளைப் பைக்கில் உட்காரவைத்தா கூட்டிவர முடியும்? உட்கார்ந்துவிட்டேன்.

7.11.

“அண்ணா, மேல ஒழுவுதா?”

“ஏன்?”

“கால்ல ஈரம்.”

குனிந்து பார்த்தேன். தரை காய்ந்துதான் இருந்தது, அவள் கால் பக்கம். காலி சீட்டுக்குக் கீழே மட்டும் ஈரம். மேலே அண்ணாந்து பார்த்தேன். கூரையில் ஒரு கறைகூட இல்லை.

அந்த நாற்காலியைத் தொட்டேன். ரெக்ஸின் மெத்தை ஊறிப்போயிருந்தது. அழுத்தினால் தண்ணீர் வந்தது. ஏரிச் சேற்று வாசனை.

7.19. மகாலட்சுமி ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டாள்.

“இன்னாச்சு?”

“எந்த லைன எடுத்தாலும் ஒரு ஆளு ‘இருக்கேன் இருக்கேன்’னு மட்டும் சொல்றாருண்ணா.” ஹெட்ஃபோனை என் பக்கம் தள்ளினாள். “கோமதேஷ் அண்ணன் கொரலு.”

நான் நேரடி ஃபோனை எடுக்கவில்லை. தொடவே இல்லை. ரிசீவர் அதன் இடத்தில்தான் இருந்தது.

ஆனாலும் கேட்டது.

மடக்...

மடக்...

ஃபோனிலிருந்து இல்லை. எனக்கு இடது பக்கத்திலிருந்து.

காலி சீட்டிலிருந்து.

மகாலட்சுமிக்கும் கேட்டது. அவள் எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டாள். நான் திரும்பவில்லை. திரையை மட்டும் பார்த்தேன்.

பச்சை. பூஜ்யம்.

பச்சை. பூஜ்யம்.

இடது தோளில் ஒரு சொட்டு விழுந்தது. சில்லென்று.

“கோமதேஷ்...” என்றேன். எதற்குக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. “விட்டுடுடா... உன் கால்ல விழறேன்... அவ கத்தறாடா...”

நாற்காலி கிறீச்சென்றது.

பச்சை. பூஜ்யம்.

7.52.

மஞ்சள்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

நான்கு.

ஐந்து.

சிவப்பு.

ராஜா எழுந்தது. டிஸ்க் வந்தது. டேட்டாபேஸ் வந்தது. முகவரி வந்தது. புரோகிராம் வந்தது. வரிசை தப்பாமல், நாற்பது நொடியில், முழுக் குடும்பமும் வந்து சேர்ந்துவிட்டது.

அதே நேரம் நேரடி ஃபோன் அடித்தது. ஒரே மணி. எடுத்தேன்.

“விட்டுட்டேன்.”

அவ்வளவுதான். பிறகு லைன் செத்துவிட்டது. இரைச்சல்கூட இல்லை.

இரண்டாவது சீட்டின் திரை அணைந்திருந்தது.

ஏழாம் நம்பருக்கு உத்தரவு அனுப்பினேன். 7.54. பொன்னுசாமி அடுத்த நிமிடமே ஏற்றுக்கொண்டார். எங்கிருந்தோ தண்ணீரில் ஊர்ந்து ஊர்ந்து தொண்டூர் போய்ச் சேர 9.05 ஆகிவிட்டது.

குழந்தை 8.10க்கே பிறந்துவிட்டது, வீட்டில், டார்ச் வெளிச்சத்தில். பையன். கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. அழவே இல்லை.

அமலா பிழைத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் இரண்டு உயிரும் கிடைத்திருக்கும் என்றார். அவர் திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

அமலா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “பத்து நிமிஷம்னு சொன்னியேண்ணா.”

விடிந்ததும் திண்டிவனம் போய் கோமதேஷின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று பைக்கை எடுத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் பொன்னுசாமி நின்றுகொண்டிருந்தார். ராத்திரி முழுக்க அங்கேயே இருந்திருக்கிறார்.

“எங்க தம்பி கெளம்பிட்ட?”

“திண்டிவனம். கோமதேஷப் பாக்க.”

அவர் என் பைக் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

“உனக்கு யாருமே சொல்லலியா? நேத்து ஆறரைக்கு எனக்கு வந்த கால் அவனுக்குத்தான்யா. பேரு கோமதேஷ்னு போட்டிருந்துச்சு. நம்ம தம்பியான்னு நெனச்சிக்கினே போனேன். ரோடெல்லாம் ஆறா ஓடுது. போய்ச் சேர ஏழரை. உங்க ரூம் கதவு தண்ணியில அடச்சிக்கிச்சு. ஒடச்சி உள்ள போனா... கவுந்து கெடந்தான். ஒரு கை பூரா மெஷின சுத்திப் புடிச்சிக்கினு இருந்துச்சு. எடுக்கவே முடியல. ரெண்டு பேரு சேந்து விரல ஒவ்வொண்ணா பிரிச்சோம்.”

“எத்தன மணிக்குப் பிரிச்சீங்க?”

“தூக்கினப்ப வாட்ச பாத்தேன். ஏழு அம்பத்திரண்டு.”

கால் வழுக்கி, தலையில் அடிபட்டு, முழங்கால் தண்ணீரில் முகம் கவிழ்ந்து மூழ்கியிருக்கிறான். வயிறு முழுக்கத் தண்ணீர். பரிசோதித்த டாக்டர் எழுதிக் கொடுத்த நேரம் மாலை ஆறு மணிக்கு முன்.

மேல்சித்தாமூருக்குப் போனேன். சாவு வீட்டில் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “உன் பேரத்தான்பா எப்பவும் சொல்லிக்கினு இருப்பான்” என்று அழுதார்கள். நானும் அழுதேன். அப்போது எனக்குக் கோபம் இல்லை. பாவம், சாகிற நேரத்தில் என்னைத் தேடியிருக்கிறான், புரியாமல் போய்விட்டதே என்றுதான் அழுதேன். இதை முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கோபம் பதினெட்டு நாள் கழித்து வந்தது.

ராணியைக் காயவைத்து, சென்னையிலிருந்து வந்த ஆட்கள் அதன் டிஸ்க்கைப் படித்தார்கள். அதில் கடைசி எழுத்து 5 மணி 48 நிமிடம். அதோடு மின்சாரம் போய் மெஷின் நின்றுவிட்டது. நேரடி ஃபோன் கேபிளும் தண்ணீரில் அப்போதே செத்துவிட்டது. அதற்குப் பிறகு ராணி ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத முடியாது.

ராணியின் நகல்தான் ராஜா என்று சொன்னேன் அல்லவா. மூலத்தில் இல்லாதது நகலில் இருக்க வழியே கிடையாது. ஆனால் ராஜாவில், 5.48க்குப் பிறகு, 7.52க்கு முன்னால், மூன்று வரி அதிகமாக இருந்தது. சென்னை ஆட்கள் மண்டையைச் சொறிந்துவிட்டு, “கடிகாரக் கோளாறாக இருக்கும்” என்று எழுதிவிட்டுப் போனார்கள். நான் அந்த மூன்று வரியை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். டிராயரில் இருக்கும் தாள் அதுதான்.

முதல் வரி, 6.25. அமலா, 26, தொண்டூர், பிரசவ வலி. பதிந்தது முதல் சீட்.

இரண்டாவது வரி, 6.31. கோமதேஷ், 34, திண்டிவனம், மூச்சு முட்டுகிறது. பதிந்தது, செஞ்சி, இரண்டாவது சீட்.

எங்கள் புரோகிராமில் முன்னால் பதிந்தவருக்குத்தான் முதல் வண்டி. தானாக மாறாது. மாற்ற வேண்டுமென்றால், வரிசையில் முன்னால் இருக்கும் பெயரை ஒருவர் திறந்து, யார், எந்த ஊர், என்ன நோவு என்று முழுக்கப் படித்து, “படித்தேன்” என்று டிக் செய்ய வேண்டும். அப்புறம்தான் கீழே தள்ள முடியும். தெரியாமல் கை பட்டு யார் பெயரும் கீழே போய்விடக்கூடாது என்று அப்படி எழுதியதே கோமதேஷ்தான்.

மூன்றாவது வரி, 6.32. இரண்டாவது சீட். “அமலா, தொண்டூர்: படித்தேன். கீழே தள்ளப்பட்டது.”